பீப்பிள், பீப்பிள்ஸ், பெர்சன்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 'பீப்பிள்' என்பதே பன்மைதானே? சில இடங்களில் 'பீப்பிள்ஸ்' என்று பார்க்கிறேன். அச்சுப் பிழையா?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், திருச்சி

பிழை இல்லை. அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. 'ஆட்கள் பலர்' என்ற பொருளில் அது பன்மை, அதோடு 'ஸ்' சேராது. 'ஓர் இனம்', அதாவது மொழியோ மண்ணோ வரலாறோ சேர்த்துக் கட்டிய ஒரு சமூகம் என்ற பொருளில் அது ஒருமை. அப்படிப் பல இனங்களைச் சேர்த்துச் சொல்லும்போது 'பீப்பிள்ஸ்' வரும். 1945-இல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனத்தின் முகவுரை 'வீ தி பீப்பிள்ஸ்' என்றுதான் தொடங்குகிறது.

இந்த ஒரு எழுத்துக்காக அரசுகள் பல ஆண்டுகள் வாதாடியிருக்கின்றன. 1966-இல் வந்த இரண்டு பன்னாட்டு மனித உரிமை உடன்படிக்கைகளும் 'எல்லா பீப்பிள்ஸுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு' என்றே முதல் உறுப்பைத் தொடங்குகின்றன. அப்படியானால் பழங்குடிகளை 'பீப்பிள்ஸ்' என்று எழுதினால் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிக்கும் அந்த உரிமை அவர்களுக்கும் கிடைத்துவிடும் என்பது அரசுகளின் அச்சம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1957-இல் கொண்டுவந்த 107-ஆவது உடன்பாட்டின் தலைப்பில் 'பாப்புலேஷன்ஸ்' என்றுதான் இருந்தது. 1989-இல் 169-ஆவது உடன்பாட்டில் 'பீப்பிள்ஸ்' வந்தது. ஆனால் கூடவே, பன்னாட்டுச் சட்டத்தில் இந்தச் சொல்லோடு வரும் உரிமைகளை இதைவைத்துக் கோர முடியாது என்று ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். 1993-ஐப் பழங்குடிகளுக்கான ஆண்டாக ஐ.நா. அறிவித்தபோதும் பெயரில் 'பீப்பிள்'தான் இருந்தது, 'ஸ்' இல்லை. 2007 செப்டம்பர் 13 அன்று ஏற்கப்பட்ட ஐ.நா. பிரகடனம்தான் 'பீப்பிள்ஸ்' என்று எழுதி, மூன்றாம் உறுப்பில் சுயநிர்ணய உரிமையையும் சொன்னது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா நான்கும் எதிர்த்து வாக்களித்து, பின்னர் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டன.

ஆகவே இந்த ஆவணங்களைத் தமிழாக்கும்போது 'பழங்குடி மக்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். 'பழங்குடி மக்களினங்கள்' என்று எழுதுங்கள். இத்தனை ஆண்டுகள் போராடிப் பெற்ற பன்மை அது.

கேள்வி: லிஃப்டில் '6 பெர்சன்ஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். ஏன் 'பீப்பிள்' இல்லை?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

பேச்சிலும் கதையிலும் கட்டுரையிலும் 'பீப்பிள்' போதும். ஆளாளாகப் பிரித்து எண்ண வேண்டிய இடத்தில், குறிப்பாகச் சட்டத்திலும் அறிவிப்பிலும், 'பெர்சன்ஸ்' நிற்கும்.

நீங்கள் சட்டம் படிப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நம் அரசமைப்பின் முகப்புரை 'பீப்பிள்' என்கிறது. அதுதான் 'இந்திய மக்களாகிய நாம்'. 19-ஆவது உறுப்பு 'சிட்டிசன்ஸ்' என்கிறது. 21-ஆவது உறுப்பு 'பெர்சன்' என்கிறது. மூன்றும் ஒன்றல்ல. பேச்சுரிமை குடிமக்களுக்கு, உயிருக்கும் தனிமனித விடுதலைக்குமான பாதுகாப்பு இந்த மண்ணில் நிற்கும் எவருக்கும், வெளிநாட்டவருக்கும் உண்டு. அதோடு 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டப்படி 'பெர்சன்' என்பதில் கம்பெனியும் அடங்கும். அதனால் ஒப்பந்தங்களில் அதை 'மனிதர்' என்று மொழிபெயர்த்தால் வழக்கு வரும் இடத்தில் சிக்கல். 'நபர்' பரவாயில்லை.

கேள்வி: செய்தி மொழிபெயர்க்கிறேன். 'டென் பீப்பிள்' என்பதைப் 'பத்து மக்கள்' என்று எழுதலாமா?
– பகுதிநேர மொழிபெயர்ப்பாளர், கோவை

வேண்டாம். எண்ணிக்கை வந்தால் தமிழில் 'பேர்': பத்துப் பேர் காயம், இருநூறு பேர் திரண்டனர். 'மக்கள்' எண்ணுக்குப் பின்னால் ஒட்டாது. இப்போது நாளுக்கு நாள் பெருகிவரும் இந்தப் பழக்கம் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது, ஏனென்றால் நம்மிடம் அழகான வழி ஏற்கெனவே இருக்கிறது.

ஆங்கிலத்தில் பெயரடை போட்டு 'பீப்பிள்' சேர்ப்பார்கள். தமிழில் ஆளைக் குறிக்கும் விகுதி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'வயதான மக்கள்' அல்ல, முதியவர்கள். 'ஏழ்மையான மக்கள்' அல்ல, ஏழைகள். 'இளம் மக்கள்' அல்ல, இளைஞர்கள். 'வேலை தேடும் மக்கள்' என்று இழுக்காமல் 'வேலை தேடுபவர்கள்' என்றால் முடிந்தது. 'பீப்பிள் சே' என்று வந்தால் எழுவாயே வேண்டாம்; 'என்பார்கள்', 'சொல்வார்கள்' போதும். 'மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்' என்ற பொருளில் வந்தால் 'நாலு பேர் என்ன சொல்வாங்க', 'ஊர் என்ன சொல்லும்'. அங்கே நாலு என்பது எண்ணிக்கையே இல்லை.

சரி, 'மக்கள்' எங்கே வரும்? தொகுதி மக்கள், கடலோர மக்கள், மக்களவை. ஒரு கூட்டத்தை மொத்தமாகப் பார்க்கும் இடங்களில்.

கேள்வி: 'ஃபோக்', 'ஃபோக்ஸ்' இரண்டும் ஒன்றா?
– ஆசிரியர், தஞ்சாவூர்

இந்த இரண்டுக்கும் வேர் ஒன்று. ஆனால் 'பீப்பிள்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'ஃபோக்' பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். அமெரிக்கர் 'மை ஃபோக்ஸ்' என்றால் பெரும்பாலும் பெற்றோர், வீட்டார். 'ஃபோக்லோர்' என்பது 1846-இல் வில்லியம் தாம்ஸ் உருவாக்கிய சொல். தமிழில் நாட்டுப்புறவியல், நாட்டார் வழக்காற்றியல் என்கிறோம்.

கேள்வி: என் மகள் தோழிகளை 'கைஸ்' என்று கூப்பிடுகிறாள். அது ஆண்களுக்கான சொல் இல்லையா?
– இல்லத்தரசி, சென்னை

'கை' என்று ஒருமையில் சொன்னால் இன்றும் ஆண்தான். 'யூ கைஸ்' என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும்போது பெண்களுக்கும் வழங்குகிறது. மூலம் கை ஃபாக்ஸ் என்பவரின் பெயர். 1605-இல் லண்டனில் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதியில் பிடிபட்டவர். நவம்பர் 5 அன்று எரிக்கும் அவருடைய உருவபொம்மைக்கு 'கை' என்று பெயர் வந்தது. பிறகு அலங்கோலமாக உடுத்தியவருக்கும், அமெரிக்காவில் எந்த ஆணுக்கும் ஆனது. தோழிகளுக்குள் கூப்பிடுவதில் தவறில்லை. பள்ளி முதல்வரிடம் வேண்டாம்.

கேள்வி: குமரி மாவட்டத்தில் ஒரே ஒரு பிள்ளையைக்கூட 'மக்களே' என்கிறார்களே?
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

பாசத்தோடு சொல்வது, பொருளும் சரியே. மகன், மகள், மக்கள் எல்லாம் ஒரே குடும்பம். திருக்குறளின் 'மக்கட்பேறு' அதிகாரம் பிள்ளைகளைப் பற்றியது. தொல்காப்பியத்தின் 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே' மனிதரைப் பற்றியது. இரண்டு பொருளும் பழையவை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 'மக்கட்செல்வம்' என்று வந்தால் அங்கே 'பீப்பிள்' அல்ல, 'சில்ட்ரன்'.