இந்த வயதில் படப் புத்தகமா?

அன்புள்ள சார்,

வணக்கம். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். இதுவரை வாசித்ததெல்லாம் நாவல்கள்தான். அபுனைவு என்றால் சுயமுன்னேற்ற நூல்களும் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளும்தான் நினைவுக்கு வரும். சென்ற மாதம் தோழி வீட்டில் வினோதமான படங்கள் நிறைந்த ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். கீழே வைக்க மனமில்லை. வாங்கலாம் என்றால் வீட்டில் “இந்த வயசுல படப் புத்தகமா?” என்கிறார்கள். விலையும் மிரட்டுகிறது. இப்படிப்பட்ட புத்தகங்களை எப்படித் தேடுவது? எதில் தொடங்கலாம்? எட்டு வயது மகளையும் சேர்த்துக்கொள்ளலாமா?

ர., தென்காசி

அன்புள்ள ர.,

கணக்கு டீச்சர் என்று சொல்லிவிட்டீர்கள். எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது. பழங்கால கிரேக்கக் கணித மேதை யூக்ளிடின் வடிவியல் நூலை ஆலிவர் பைர்ன் 1847இல் லண்டனில் கொண்டுவந்த பதிப்பு. அதன் முதல் ஆறு பகுதிகளை எடுத்துக்கொண்டு, கோணம் ஏபிசி, கோடு பிசி என்று நாம் கரும்பலகையில் எழுதும் எழுத்துகளையெல்லாம் தூக்கிவிட்டார். அந்த இடத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு. நிரூபணம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்துக்கு நடுவில் குட்டியாக ஒரு மஞ்சள் கோணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படிப் படித்தால் வழக்கமாக ஆகிற நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது என்று பைர்ன் அடித்துச் சொல்கிறார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நிறங்கள் நெருக்கியடிக்கும் சில பக்கங்களில் பழைய ஏபிசியே தேவலை என்று தோன்றும். ஆனால் பித்தாகரஸ் தேற்றத்துக்கான பக்கத்தை உங்கள் வகுப்பில் ஒருமுறை காட்டிப் பாருங்கள். இத்தனைக்கும் பைர்ன் தலைப்புப் பக்கத்தில் தன்னை ஃபாக்லாந்து தீவுக் குடியிருப்புகளின் நில அளவையாளர் என்று போட்டுக்கொண்டவர்!

வீட்டில் சொல்கிற அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். தமிழில் படம் என்றால் கதைக்குத் துணை, அவ்வளவுதான். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது மணியத்தின் ஓவியங்கள் வாரா வாரம் கூடவே வந்தன. வந்தியத்தேவனின் முகத்தை ஒரு தலைமுறைக்குக் கொடுத்தவர் அவர். பிறகு புத்தகமானபோது படமே இல்லாத பதிப்புகள் எத்தனை! யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நாவலுக்கு அது ஒருவேளை செல்லுபடியாகலாம். நான் சொல்லும் புத்தகங்களில் படத்தை எடுத்துவிட்டால் விஷயமே போய்விடும். பைர்னின் புத்தகத்தில் வாக்கியமே நின்றுபோகும். படப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் நான் பார்ப்பது இதைத்தான்: படம் இல்லாமல் இதைச் சொல்லியிருக்க முடியுமா? முடியும் என்றால் திரும்ப வைத்துவிடுவேன். பளபளப்பான தாளில் வரும் பெரிய பெரிய புத்தகங்களில் பாதிக்குமேல் இதில் தேறாது.

ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் ‘மைக்ரோகிராஃபியா’ தேறும். 1665. நுண்ணோக்கியில் பார்த்ததையெல்லாம் வரைந்து வைத்திருக்கிறார். தொடக்கமே ஊசி முனை. கண்ணுக்கு அத்தனை கூராகத் தெரிந்தது மழுங்கிப்போய், மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அடுத்து சவரக்கத்தி விளிம்பு. அச்சில் வரும் முற்றுப்புள்ளியையும் விடவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் லண்டன் தெருச் சேற்றை அள்ளி அப்பியதுபோல் இருக்கிறதாம். தக்கையைச் சீவிப் பார்த்து அதன் அறைகளுக்கு அவர் வைத்த பெயரைத்தான் இன்றும் உயிரியலில் ‘செல்’ என்கிறோம். எல்லாவற்றையும்விட அந்தத் தெள்ளுப்பூச்சி. மடித்து வைத்த தாளைப் பிரித்தால் ஒன்றரை அடி நீளத்துக்குக் கவசம் போட்ட மிருகம்போல் நிற்கும். சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அதிகாரி இந்தப் புத்தகத்தை இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து வாசித்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஹூக்கைப் பிடித்தால் பீப்ஸ், பீப்ஸைப் பிடித்தால் 1665இன் கொள்ளைநோயும் அடுத்த ஆண்டின் லண்டன் தீயும். பலவகை அபுனைவு வாசிக்கத் தனியாகப் பட்டியல் போட வேண்டியதில்லை, ஒரு புத்தகமே அடுத்ததன் வீட்டுக்கு அழைத்துப் போகும்.

வினோதம் என்றதும் பலரும் லூயிஜி செராஃபினியின் ‘கோடெக்ஸ் செராஃபினியானுஸ்’ நூலைச் சொல்வார்கள். 1981இல் இத்தாலியில் வந்தது. இல்லாத ஓர் உலகத்தின் கலைக்களஞ்சியம், யாராலும் வாசிக்க முடியாத எழுத்தில். அழகுதான். எனக்கு அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். விலையையும் யோசித்தால் அவசரமே இல்லை.

நம் பக்கத்திலேயே அதைவிட நல்லது இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பாடன்கட் கிராமத்துக் கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம் ஓர் உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்ட லண்டன் போனார். திரும்பிவந்து அவர் சொன்னதும் வரைந்ததும் சேர்ந்து ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ ஆனது. 2004இல் வெளியிட்டது சென்னையின் தாரா புக்ஸ். சுரங்க ரயில் அவருக்கு மண்புழு. பிக் பென் கடிகாரம் சேவல், அதுவும்தானே நேரம் சொல்கிறது! தவறாமல் வந்து அழைத்துப்போன முப்பதாம் எண் பேருந்து நன்றியுள்ள நாய். இருட்டியதும் மதுக்கடைகளுக்குக் கிளம்பும் ஆங்கிலேயர்கள் வௌவால்கள். நம்மைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிய பயண நூல்களுக்குக் குறைவே இல்லை. அந்தப் பார்வையை அவர்கள் பக்கமே இத்தனை குறும்பாகத் திருப்பிய புத்தகம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

தமிழில் கேட்டால் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இயற்கையியலாளர், தன் கட்டுரைகளுக்குத் தானே படம் வரைந்தவர். ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பைத் தேடுங்கள்.

விலை பற்றி. பைர்னும் ஹூக்கும் காப்புரிமைக் காலம் தாண்டியவர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. போனில் மட்டும் பார்க்காதீர்கள், பெரிய திரை வேண்டும். நூலகத்துக்குப் போனால் அடித்தட்டில் குனிந்து பாருங்கள். அளவு பெரிதான புத்தகங்களை அங்கேதான் படுக்கப் போட்டிருப்பார்கள். பழைய புத்தகக் கடையிலும் அப்படித்தான்.

மகளைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பஜ்ஜு ஷ்யாமை முதலில் காட்டுங்கள். ஹூக்கின் பேன் படத்தை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். தலைமுடி ஒன்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும், அத்தனை தத்ரூபம்.

அன்புடன்