ஆயரின் மனச்சோர்வை யாரிடம் சொல்வது?

கேள்வி: கிராமச் சபையில் ஆயராக இருக்கிறேன். சனிக்கிழமை இரவு பிரசங்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் பேனா நகர மறுக்கிறது. ஊருக்கெல்லாம் ஜெபிக்கிற எனக்கு ஜெபமே வரவில்லை. தூக்கமும் போய்விட்டது. விசுவாசக் குறைவா ஐயா?

பதில்: இல்லை தம்பி. லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜனைத் தெரியும்தானே? 1856 அக்டோபரில் சர்ரே கார்டன்ஸ் மண்டபத்தில் அவர் பேசும்போது, யாரோ ‘தீ’ என்று கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அவருக்கு வயது 22. அதற்குப் பிறகு மனச்சோர்வு அவரை விட்டுவிட்டு வாட்டியது. தன் மாணவர்களிடம் அதை மறைக்காமல் பேசினார். பிற்காலத்தில் பனிக்காலம் வந்தால் பிரான்சின் மென்டோனுக்குப் போய்விடுவார். அவர் சபையும் போய் வாருங்கள் என்றது. நம் சபைகளில் ஆயர் ஒரு வாரம் லீவு கேட்டால் போதும், கமிட்டி வரைக்கும் பேச்சு போய்விடும்!

வேதத்தில், சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் உபதேசம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்க விட்டான். நீங்களும் திங்கட்கிழமையை ஓய்வுக்கு வையுங்கள், அடக்க ஆராதனை தவிர எதற்கும் போகாதீர்கள். மனைவியிடம் இன்றே சொல்லுங்கள். அப்புறம் வேறு சேகரத்து (சபை வட்டாரத்து) ஆயர் ஒருவரிடம். சபை மூப்பரிடம் இப்போது வேண்டாம். தூக்கம் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.