காமிக்ஸ் தொகுப்பு: ஹார்ட்கவருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

திருச்சி வாசகர் ஒருவரின் கேள்வி: "டெக்ஸ் வில்லர், இரத்தப் படலம், டின்டின், கொஞ்சம் ஸ்பைடர்மேன் என்று இதுவரை பேப்பர்பேக்காகவே வாங்கியிருக்கிறேன். இப்போது எல்லாமே ஹார்ட்கவர் தொகுப்பாக வருகின்றன. விலைதான் மலைக்க வைக்கிறது. பழையதை விற்றுவிட்டு ஹார்ட்கவருக்கு மாறலாமா? அது நிஜமாகவே நீண்ட நாள் உழைக்குமா?"

எல்லாவற்றுக்கும் மாற வேண்டாம். இரத்தப் படலத்துக்கு மாறலாம். டெக்ஸுக்குத் தேவையில்லை. டின்டின் வாங்கும்போது அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஸ்பைடர்மேன், நீங்கள் எங்கே உட்கார்ந்து படிப்பவர் என்பதைப் பொறுத்தது. பழைய புத்தகங்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விற்றுவிடாதீர்கள்.

முதலில் உழைப்பு விஷயத்தைப் பார்ப்போம். கெட்டி அட்டை போட்டாலே புத்தகம் கெட்டி என்று நினைக்கிறோம். அட்டை காப்பாற்றுவது மூலைகளையும் ஓரங்களையும்தான். பக்கங்கள் கழன்று வராமல் இருக்கவேண்டுமானால் முதுகுப் பக்கம் தைத்திருக்க வேண்டும். ஹார்ட்கவரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தாள்களைப் பாரம் பாரமாக, அதாவது சிறு சிறு கற்றைகளாக மடித்து, ஒவ்வொரு பாரத்தையும் மடிப்பில் நூல் கோத்துத் தைத்து, அப்புறம் அட்டைக்குள் ஏற்றுவது. இன்னொன்று, தாள்களின் முதுகைச் சீவிவிட்டுச் சூடான பசையை இழுத்து, அதன்மேல் கெட்டி அட்டையை மாட்டுவது. இரண்டாவது வகை உள்ளுக்குள் பேப்பர்பேக்கேதான். வண்ணக் காமிக்ஸுக்கு அது கூடுதல் ஆபத்து. வழவழப்பான ஆர்ட் பேப்பருக்குள் பசை ஊறி இறங்காது, மேலோடு ஒட்டி நிற்கும். சில வருடங்கள் போய்ப் பசை காய்ந்து விறைத்ததும், நடுவில் விரித்துப் பிடித்தால் ஒரு தாள் தனியாகக் கையோடு வந்துவிடும்.

கடையில் பார்த்த உடனே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. புத்தகத்தை மூடியபடியே பிடித்து, முதுகின் மேல்முனையை நேராகப் பாருங்கள். சின்னச் சின்ன மடிப்புக் கற்றைகள் வரிசையாக வளைந்து தெரிந்தால் அது தைத்த புத்தகமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தாள்கள் எல்லாம் ஒரே நேர்க்கோடாக, சீவின மாதிரி நின்றால் பசை மட்டும்தான். அப்புறம் ஏதாவது ஒரு கற்றையின் நடுப்பக்கத்தைத் திறந்தால் மடிப்பில் நூல் ஓடுவது தெரிய வேண்டும். மேல்முனையில் சிவப்பும் வெள்ளையுமாகச் சின்னத் துணிப்பட்டை ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துத் தையல் என்று ஏமாந்துவிடாதீர்கள், அது அழகுக்கு ஒட்டுவது. அதே போல, தைத்த பேப்பர்பேக்குகளும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால், பசை போட்ட ஹார்ட்கவரைவிட நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அடுத்து, கதை எந்த அளவுக்காக வரையப்பட்டது என்று பாருங்கள். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பிரெஞ்சு, பெல்ஜியக் காமிக்ஸ் ஆல்பங்கள் பெரிய தாளில், பெரும்பாலும் 48 பக்கமாக, கெட்டி அட்டையிலேயே வெளிவருபவை. இரத்தப் படலம் அந்த வகை. கதாசிரியர் வான் ஹாமும் ஓவியர் வில்லியம் வான்ஸும் 1984-இல் தொடங்கி, முதல் சுற்றே 19 ஆல்பங்கள் ஓடிய ஒரே கதை. ஆறாம் பாகத்தில் யாரோ சொன்ன பெயர் பன்னிரண்டாம் பாகத்தில் திரும்ப வந்தால், எடுத்துப் புரட்டிப் பார்க்கத் தோன்றும். இப்படிப்பட்ட கதை பெரிய அளவில், வண்ணத்தில், தைத்த தொகுப்பாகக் கையில் இருப்பது கொடுத்த காசுக்குத் தகும்.

டெக்ஸ் வேறு இடத்திலிருந்து வருபவர். 1948-இல் கதாசிரியர் போனெல்லியும் ஓவியர் காலெப்பினியும் உருவாக்கிய வெஸ்டர்ன் நாயகன் டெக்ஸ், பல பத்தாண்டுகளாக இத்தாலியப் பத்திரிகைக் கடைகளில் தொங்குவது 16-க்கு 21 சென்டிமீட்டர் அளவில், கறுப்பு வெள்ளையில், மெல்லிய அட்டையோடுதான். பஸ்ஸில் ஒரு கையில் பிடித்துப் படிக்கிற அளவு அது. ஒரு பக்கத்துக்கு மூன்று வரிசைக் கட்டங்கள், இரண்டு பக்கம் விரியும் ஓவியம் அபூர்வம். கெட்டி அட்டை போட்டால் அலமாரியில் அழகாக நிற்கும், வாசிப்பில் புதிதாக எதுவும் கிடைக்காது. உங்கள் பேப்பர்பேக்குகளே போதும்.

டின்டினில் அளவைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலும் மூன்று கதைகளை ஒன்றாகச் சேர்த்த ஹார்ட்கவர் தொகுதிகள் ஆங்கிலத்தில் வருகின்றன. பார்க்க லட்சணமாக இருக்கும், தனித்தனி ஆல்பமாக வாங்குவதைவிட மலிவும்கூட. ஆனால் பக்கத்தைச் சுருக்கிவிட்டார்கள். டின்டினை உருவாக்கிய எர்ஜே ஒரு சந்தைத் தெருவை வரைந்தால், பின்னால் நிற்கும் கடைக்காரரின் முகம்வரை வரைந்திருப்பார். பெரிய ஆல்பத்தில் அதெல்லாம் தெரியும். சுருக்கிய தொகுதியில் எழுத்தைப் படிக்கவே கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. இங்கே பெரிய அளவுப் பேப்பர்பேக்தான் மேல், சந்தேகமே வேண்டாம். தமிழ்ப் பதிப்புகளில் இந்தப் பிரச்சினை இன்னும் கூடும். நம் சொற்கள் நீளமானவை, பேச்சுக் குமிழுக்குள் அடங்க எழுத்தை ஏற்கெனவே சிறிதாக்கியிருப்பார்கள். பக்கத்தையும் குறைத்தால் நாற்பது வயதுக்கு மேல் படிக்க முடியாது.

ஸ்பைடர்மேனுக்கு வருவோம். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் செய்த ஆரம்பகாலக் கதைகள், 1962-இன் முதல் கதையிலிருந்து 38-ஆம் இதழ் வரை, ஆம்னிபஸ் என்கிற ஒரே பெருந்தொகுப்பு ஹார்ட்கவரில் அடங்கும். ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஒரு இதழுக்கு என்ன விலை விழுகிறது என்று கணக்குப் போட்டால் பல சமயம் பேப்பர்பேக்கைவிடக் குறைவாகவே வரும், தள்ளுபடியில் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். சிக்கல் எடைதான். மேசையில் வைத்துப் படிப்பவருக்குச் சரி. படுத்துக்கொண்டு நெஞ்சில் சாய்த்துப் படிக்கிறவர் நாலு பக்கத்தில் கைவலித்து மூடிவிடுவார். அவருக்கு, இதே கதைகளைச் சிறு தொகுதிகளாகப் பிரித்துத் தரும் எபிக் கலெக்‌ஷன் பேப்பர்பேக் நல்லது. முதல் தொகுதியில் முதல் கதையும் 17 இதழ்களும் இருக்கின்றன. எடைக்கு இன்னொரு உதாரணம், ஒரு சிறுவனும் அவன் புலிப் பொம்மையும் வரும் கால்வின் அண்ட் ஹாப்ஸ். அதன் முழுத்தொகுப்பு 2005-இல் மூன்று ஹார்ட்கவர்களாக, கிட்டத்தட்ட பத்துக் கிலோ எடையில் வந்தது. அரிசி மூட்டை மாதிரிதான் தூக்க வேண்டும். 2012-இல் அதையே நான்கு பேப்பர்பேக்குகளாகப் போட்டார்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பேப்பர்பேக் பெட்டியைத்தான் வாங்கச் சொல்வேன், அவர்கள் தாங்களாக எடுத்துப் படிப்பார்கள்.

ஹார்ட்கவரை நியாயப்படுத்தும் இன்னொரு விஷயம், இரண்டு பக்கம் சேர்ந்து விரியும் ஓவியம். பசை போட்ட தடிமனான பேப்பர்பேக்கில் அப்படிப்பட்ட படத்தின் நடுப்பகுதி முதுகுக்குள் போய்விடும். குதிரையின் கழுத்தோ நாயகனின் முகமோ அங்கே மாட்டியிருந்தால் படமே வீண். தைத்த புத்தகம் மேசையில் கிட்டத்தட்டத் தட்டையாக விரியும். புத்தகத் திருவிழாவில் மாதிரிப் பிரதி இருந்தால் நடுவில் ஒரு இரட்டைப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நம் ஊர் வெயிலும் மழையும் பேப்பர்பேக்கைத்தான் கெடுக்கும் என்று இல்லை. ஈரக் காற்றில் கெட்டி அட்டை வில்லாக வளையும். பைண்டிங் பசையில் மாவுச்சத்து இருந்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. ஆர்ட் பேப்பர் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் வண்ணம் பெயர்ந்து வரும். மழையடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள். மெல்லியவற்றை நிறுத்தி வைக்கலாம். ஆம்னிபஸ் போன்ற கனத்த புத்தகங்களைப் படுக்க வையுங்கள், இரண்டு மூன்றுக்கு மேல் அடுக்க வேண்டாம். நிறுத்தி வைத்தால் உள்தாள்கள் தம் பாரத்தாலேயே கீழே இறங்கி, முதுகைக் கிழித்துவிடும். வாங்கி வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிடுங்கள், உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழி வேண்டும்.

பழையதை விற்காதீர்கள் என்றேன். 1972-இல் தொடங்கிய முத்து, 1984-இல் தொடங்கிய லயன் ஆகிய தமிழ்க் காமிக்ஸ் இதழ்களில் கதை மட்டுமா இருந்தது? ஆசிரியர் எழுதும் 'ஹாட்லைன்' பகுதி, வாசகர் கடிதங்கள், அடுத்த மாத விளம்பரம் எல்லாம் இருக்கும். தொகுப்பு போடும்போது பெரும்பாலும் அவற்றை விட்டுவிடுவார்கள். ஒருமுறை கைமாறினால் அதே இதழைத் திரும்பத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

அவற்றை ஒன்றாக்கிக் கெட்டி பைண்டிங் போடலாம் என்றும் உங்களுக்குத் தோன்றலாம், தொடர்கதைகளை அப்படிச் சேர்த்துவைத்த வீடுகள் நம்மிடம் நிறைய. காமிக்ஸுக்கு அது ஆகாது. உள்ளூர் பைண்டர் வழக்கமாக ஓரத்தில் துளை போட்டுத் தைப்பார், அதில் உள் ஓரக் கட்டங்கள் பாதி மறையும். பிறகு மூன்று பக்கமும் மட்டமாக வெட்டுவார், அதில் பேச்சுக் குமிழின் விளிம்பும் போகும். கட்டியே ஆகவேண்டிய அளவுக்கு இதழ்கள் நைந்துபோயிருந்தால், நடுவில் பின் அடித்த இதழ்களின் பின்னை எடுத்துவிட்டு மடிப்பிலேயே நூல் கோத்துத் தைக்கச் சொல்லுங்கள், ஓரம் வெட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பசை போட்ட இதழ்களுக்கு அந்த வழி இல்லை. அவற்றுக்குத் தனித்தனியாக உறை போட்டு ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி வைப்பதே போதும்.