பசுமைச் சான்றிதழும் தகரக் கொட்டகையும்

கேள்வி: வெள்ளம் வந்தாலும் பில்டர், வெயில் கொளுத்தினாலும் பில்டர் என்று எதற்கெடுத்தாலும் கட்டுமானத் துறையையே சாடுகிறீர்கள். பெரிய நிறுவனங்கள் இன்று சோலார், மழைநீர் சேகரிப்பு எல்லாம் வைத்து, பசுமைச் சான்றிதழ் வாங்கித்தான் கட்டுகின்றன. லட்சக்கணக்கானவர்களுக்கு வேலையும் தருகின்றன. இதற்கு மேல் என்ன பொறுப்பை எதிர்பார்க்கிறீர்கள்? மனிதர்கள் வீடே கட்டக் கூடாதா?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: வீடு கட்டக் கூடாது என்று யார் சொன்னது? தாராளமாகக் கட்டட்டும். கணக்கைக் காட்டிவிட்டுக் கட்டட்டும் என்கிறோம், அவ்வளவுதான்.

முதலில் அந்தச் சான்றிதழ். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவதெல்லாம் நீங்கள் குடிவந்த பிறகு மிச்சமாகப்போகும் கரண்டும் தண்ணீரும்தான். கட்டுமானப் பொருட்களுக்கும் அதில் மதிப்பெண் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சாவி வாங்கும் முன்பே பூமிக்கு ஆகிவிட்ட செலவு எவ்வளவு என்பதை எந்த பிரோஷரிலாவது பார்த்திருக்கிறீர்களா? உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து மட்டுமே வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் 1,450 டிகிரிவரை சூடேற்றுகிறார்கள். எரிக்கும் நிலக்கரியின் புகை ஒரு பக்கம். அதைவிட அதிகமாக, சுமார் ஐந்தில் மூன்று பங்கு, அந்தக் கல்லுக்குள்ளிருந்தே வெளியேறுகிறது. சூளையைச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் அந்தப் பங்கு குறையாது. மொட்டைமாடியில் பத்து பேனல் மாட்டி ஈடுகட்டுகிற விஷயமல்ல இது. அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட், சுட்ட களிமண் கலந்த சிமெண்ட், தேவைக்கு மேல் கம்பியும் கான்கிரீட்டும் போடாத வடிவமைப்பு என்று குறைக்க வழிகள் உண்டு. எவ்வளவு குறைத்தீர்கள் என்று கேட்க ஆள் இல்லாதபோது யார் மெனக்கெடுவார்கள்?

டென்மார்க்கில் கேட்கிறார்கள். 2023இல் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு, கட்டடத்தின் ஆயுளை ஐம்பது ஆண்டாகக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ கரியமில வாயு என்று வரம்பு வைத்தார்கள். கணக்கு இல்லையென்றால் அனுமதி இல்லை. பணக்கார நாடு, அவர்களால் முடியும் என்பீர்கள். சரி, வரம்பை விடுங்கள். கணக்குப் போடுவதற்கு என்ன பணம் வேண்டும்? எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை டன் கம்பி என்பது கட்டுகிறவர் கையில் ஏற்கெனவே இருக்கிற பில்தானே.

ஜல்லிக்கும், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டுக்கும் அதே கதை. ஆற்று மணல் அள்ளுவதற்கு எதிர்ப்பு வந்ததும் மலைப் பக்கம் திரும்பினோம். 2022 மே மாதம் திருநெல்வேலி அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் குவாரிக் கல் எந்தக் கட்டடத்துக்குப் போனது என்று எந்தக் காகிதமும் சொல்லாது.

அடுத்து, "வேலை தருகிறார்கள்" என்கிறீர்கள். யார் தருகிறார்கள்? புரமோட்டர் காண்டிராக்டருக்குத் தருகிறார். அவர் சப்-காண்டிராக்டருக்கு, அவர் மேஸ்திரிக்கு, மேஸ்திரி ஒடிசாவிலோ பீகாரிலோ ஆள் பிடிக்கும் ஏஜெண்டுக்கு. சென்ட்ரிங் அடிக்கிறவரிடம் "உன் முதலாளி யார்?" என்று கேட்டால் மேஸ்திரி பெயரைத்தான் சொல்வார். விளம்பரத்தில் இருக்கும் பெயருக்கும் சாரத்தில் நிற்கிற ஆளுக்கும் நடுவே இத்தனை பேர் இருப்பது தற்செயல் அல்ல. எது நடந்தாலும் பொறுப்பு நடுவழியில் கரைந்துபோக வசதியான ஏற்பாடு. காண்டிராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர்தான், அதாவது அவரிடம் வேலையை ஒப்படைத்தவர்தான், தர வேண்டும் என்று 1970லேயே சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தகரக் கொட்டகையிலிருந்து யார் கிளம்பிப் போவது?

மவுலிவாக்கம் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. 2014 ஜூன் 28 மாலை, கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். இடி விழுந்ததுதான் காரணம் என்று கட்டியவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தபோது வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. செத்தவர்களின் பெயர் ஒன்றாவது யாருக்காவது நினைவிருக்கிறதா?

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததிலிருந்து கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்காக செஸ் என்ற தனி வரியாக வசூலாகிறது. நாடு முழுக்க 37,400 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தும் சுமார் 9,500 கோடிதான் செலவானது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. அந்த வழக்கில்தான் தொழிலாளர் பணத்தில் லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கிய கதை வெளியே வந்தது. இதில் பில்டரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன், அரசுகளுக்கும் பங்குண்டு. உங்கள் முதல் வரிக்கு இதையே பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

வெயிலைக் கிண்டலாகக் குறிப்பிட்டீர்கள். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் சுருண்டு இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல காரியம். ஆனால் அது பேரிடர் நிதி, அதாவது நீங்களும் நானும் கட்டும் வரி. மத்தியானம் ஒரு மணிக்கு மொட்டைத் தளத்தில் கம்பி கட்டச் சொன்னவரின் பாக்கெட்டிலிருந்து என்ன போகிறது? வேலை நேரத்தைக் காலை, மாலை என்று மாற்றினால் கட்டடம் சில வாரம் தாமதமாகும். அந்தத் தாமதத்தின் விலையைத்தான் இப்போது சித்தாளின் உடம்பு கட்டிக்கொண்டிருக்கிறது.

ஆக, நாங்கள் எதிர்பார்ப்பது இதுதான்: விளம்பரப் பலகையில் யார் பெயர் இருக்கிறதோ, சிமெண்டுக்கும் கல்லுக்கும் கூலிக்கும் உயிருக்கும் அவர் பெயரே பொறுப்பேற்க வேண்டும். கீழே எத்தனை காண்டிராக்டர் இருந்தாலும் சரி.

நீங்கள் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று உங்கள் கேள்வியின் தொனியில் தெரிகிறது. அப்படியானால் ஒன்று செய்யுங்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானம் என்றால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும். அதன் நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கு ஆறு மாதத்துக்கொரு முறை அறிக்கையும் தர வேண்டும். அது பொது ஆவணம். விற்பனை அலுவலகத்தில் மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டி, காபி கொடுப்பார்கள். குடித்துவிட்டு, கடைசி அறிக்கையையும் செஸ் கட்டிய ரசீதையும் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள், பிரசுரிக்கிறோம்.