வங்குரோத்து மனுப் போட்டால் கடன் தீருமா?

வாழைச்சேனையில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"ஐயா, பத்து வருடமாகச் சிமெந்து, இரும்புச் சாமான் கடை நடத்தினேன். போன வருடம் பூட்டிவிட்டேன். வங்கிக்கு 14 இலட்சம், இரண்டு பேர் பிணை. சின்ன லொறிக்கு லீசிங் 6 இலட்சம். கொழும்பு மொத்தக் கடைக்கு 5 இலட்சம், அதற்குப் பிந்திய திகதி போட்டுக் காசோலை கொடுத்திருக்கிறேன். ஊரில் ஒருவரிடம் 3 இலட்சம் வாங்கினேன், இப்போது 6 இலட்சம் கேட்கிறார். வங்குரோத்து மனுப் போட்டால் எல்லாக் கடனும் போய்விடும் என்கிறார்கள். அதற்கு முதல், என் பெயரில் இருக்கும் இரண்டு ஏக்கர் வயலை மகளுக்கு எழுதிவிடலாமா? மனைவியின் சீதன வீட்டுக்கு ஆபத்து வருமா?"

முதலில் வயல். தயவுசெய்து எழுதாதீர்கள். கடன் தலைக்கு மேல் இருக்கும்போது பிள்ளைக்கு எழுதும் உறுதியைக் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு இரத்துச் செய்விக்கலாம். உறுதி எழுதிய செலவும் போகும், நாளைக்கு நீதிபதியின் முன் நீங்கள் சொல்வதை நம்பவும் ஆள் இருக்காது.

வீட்டைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகும், உறுதியும் அவர் பெயரில்தான் இருக்கும். கணவன் பட்ட கடனுக்கு மனைவியின் சொத்தில் கை வைக்க முடியாது. ஆனால் வங்கிப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை பாருங்கள். அந்த இரண்டு பிணையாளிகளில் ஒருவர் உங்கள் மனைவியா? அவர் எங்காவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? போட்டிருந்தால் கடன் அவருடையதும்தான். கடைசிப் பக்கத்தில் "இங்கே ஒரு கையெழுத்து" என்று வாங்கியதை நிறையப் பெண்கள் மறந்தே போயிருப்பார்கள்.

சரி, வங்குரோத்து. அப்படி ஒரு சட்டம் உண்டு. 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் அது. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, உள்ள சொத்தையெல்லாம் காட்டவேண்டும். நீதிமன்றம் நியமிக்கும் ஒருவர் அதைப் பொறுப்பெடுத்து, விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார். கடைசியில் நீங்கள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து நீதிமன்றம் சான்றிதழ் கொடுத்தால்தான் மிச்சக் கடனில் இருந்து விடுதலை. இது நீண்ட வேலை, சட்டத்தரணிச் செலவும் உண்டு. பிணை நின்ற இருவரையும் அது காப்பாற்றாது. நீங்கள் தப்பினால் வங்கி நேரே அவர்கள் வீட்டு வாசலுக்குத்தான் போகும். உங்கள் கணக்குக்கு இந்த வழி பொருந்தாது என்பதே என் முடிவு. 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் கடன் கொடுத்தவர்களோடு உட்கார்ந்து தவணையையும் வட்டியையும் பேசித்தான் மாற்றவேண்டி வந்தது. நீங்கள் செய்யவேண்டியதும் அந்த வேலைதான்.

பேச்சைத் தொடங்கவேண்டிய இடம் காசோலை. கடன் கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றம் இல்லை. ஆனால் கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே மொத்தக் கடைக்காரருடன் இந்தக் கிழமையே பேசுங்கள். அந்தக் காசோலைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, தவணை ஒப்பந்தம் ஒன்றை எழுத்தில் கொடுங்கள். பழைய காசோலை உங்கள் கைக்கு வரும்வரை புதிய தாளில் கையெழுத்துப் போடவேண்டாம்.

அடுத்தது ஊர்க் கடன். நூற்றுக்குப் பத்து வட்டி என்று மாதம் 30,000 கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்பது மாதம் கட்டியிருந்தாலே 2,70,000 ரூபாய், வாங்கிய தொகையில் பத்தில் ஒன்பது பங்கு. அப்புறமும் 6 இலட்சம் கேட்கிறார் என்றால் அந்தக் கணக்கை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியும். 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டப்படி, வட்டி மிதமிஞ்சியது என்று கண்டால் நீதிமன்றம் பழைய கணக்கைத் திறந்து பார்க்கலாம். வாக்குறுதிச் சீட்டில் உண்மையில் கையில் கொடுத்த தொகை, முன்கூட்டியே பிடித்த தொகை, வருட வட்டி வீதம் மூன்றும் தனித்தனியாக இருக்கவேண்டும். வழக்கில் வாங்கக்கூடிய வட்டி, முதலைத் தாண்டவும் கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அதைச் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காசு கொடுத்த திகதிகளைக் கொப்பியில் எழுதுங்கள். கூட இருந்தவர் யார், கையில் கொடுத்ததா வங்கியில் போட்டதா என்பதும் அதில் இருக்கட்டும். வாசலில் வந்து சத்தம் போட்டால், மிரட்டினால், பொலிஸில் முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

வங்கியோடு பேசுவது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை விற்கும் அதிகாரம் வங்கிகளுக்கு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் 14 இலட்சம் போன்ற சிறிய கடனுக்கு அதைப் பயன்படுத்த முடியாது, உங்கள் கடனில் சொத்து ஈடும் இல்லை. அவர்கள் வழக்குத்தான் போடவேண்டும். வழக்குத் தாள் வந்தால் மட்டும் ஒருநாளும் அலுமாரிக்குள் வைக்கவேண்டாம். இந்த வகை வழக்கில், எதிர்த்துப் பேச நீங்கள்தான் நீதிமன்ற அனுமதி கேட்கவேண்டும். கேட்காவிட்டால் தீர்ப்பு அவர்கள் பக்கம் உறுதியாகிவிடும்.

தாள் வருவதற்கு முதலே நீங்கள் எழுதுங்கள். உங்களிடம் வயல் இருக்கிறது, அதுதான் உங்கள் பலம். "மாதம் 20,000 கட்டுகிறேன்" என்று சொல்லி மூன்றாம் மாதம் தவறினால் உள்ள மதிப்பும் போய்விடும். பெரும்போக அறுவடைக்குப் பிறகு ஒரு பெரிய தொகை, இடையில் சிறிய தொகை என்று கேளுங்கள். இரண்டு ஏக்கரில் செலவு போக என்ன மிஞ்சும் என்பதை ஒரு தாளில் எழுதி இணையுங்கள். கொஞ்சக் காலம் வயலைக் குத்தகைக்கு விடுவதும் ஒரு வழி. கடிதத்தின் பிரதியில் வங்கியின் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முகாமையாளர் மாறினால் வாய்ப்பேச்சும் அவரோடு போய்விடும். நிராகரித்தாலோ பதில் தராவிட்டாலோ, மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தில் முறையிடலாம், இலக்கம் 1935. சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்றால் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது.

கிரிப்பில் (கடன் தகவல் பணியகத்தில்) பெயர் அடிபட்டுவிட்டதே என்றும் கவலைப்படுவீர்கள். அது கறுப்புப் பட்டியல் அல்ல, நீங்கள் எப்படிக் கட்டினீர்கள் என்ற பதிவு. உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு கடன் முடியும்போதும் முடிந்ததற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள். கடை திறக்கும் நாளில் அது தேவைப்படும்.

கடைசியாக லொறி. கடை பூட்டியபின் அது வாசலில் நின்று தவணையைத் தின்கிறது. லீசிங் கம்பனிக்காரர் வந்து தூக்கி ஏலத்தில் போட்டால் விலை அடிமட்டத்துக்குப் போகும், குறையும் தொகையையும் உங்களிடம்தான் கேட்பார்கள். கம்பனிக்கு எழுதி, சம்மதம் வாங்கி, நல்ல விலைக்கு நீங்களே ஆள் பிடியுங்கள். ஓட்டமாவடிச் சந்தைப் பக்கம் லொறி தேடும் மரக்கறி வியாபாரிகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கடிதமும் காசோலைப் பேச்சும் இந்தக் கிழமைக்குள் முடியட்டும், வங்கிக் கடிதத்தை அடுத்த கிழமை எழுதலாம்.