ஒரே மவுஸை இரண்டு கணினிகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். அடிக்கடி திக்கி நிற்கிறது. புது மவுஸ் வாங்கினால் சரியாகுமா?

வாங்காதீர்கள். இதைப் படித்து முடிக்கும் வரைக்குமாவது வாங்காதீர்கள். நான் வாங்கினேன். அதுவும் இரண்டு.

உங்கள் மேஜை எப்படி இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆபீஸ் லேப்டாப் ஒன்று, சொந்தக் கணினி ஒன்று, நடுவில் ஒரு கேவிஎம் சுவிட்ச் (ஒரே கீபோர்டு, மவுஸ், திரையை இரண்டு கணினிக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் பெட்டி), அதன் பின்பக்கத்தில் வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர். வயர் கீபோர்டு ஒழுங்காக இருக்கிறது, மவுஸ் மட்டும் தகராறு. சரிதானே? என் மேஜையும் அச்சு அசல் இப்படித்தான்.

என் மவுஸ் பகலெல்லாம் நல்ல பிள்ளை. இரவு எட்டு மணி தாண்டினால் அம்புக்குறி கொஞ்சம் நகரும், நிற்கும், யோசிக்கும், திடீரென்று திரையின் மறுகோடிக்குத் தாவும். பேட்டரி மாற்றினேன். மேஜைக் கண்ணாடி பளபளப்பால்தான் என்று பழைய துணியை விரித்துப் பார்த்தேன். மவுஸின் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில், மின்சாரம் மிச்சம் பிடிக்க யுஎஸ்பி ஹப்பை அணைத்துக்கொள்ளலாம் என்று ஒரு டிக் இருக்கும்; அதையும் எடுத்துவிட்டேன். (நீங்களும் எடுத்துவிடுங்கள். கணினி மாறியதும் மவுஸ் கொஞ்ச நேரம் உயிரில்லாமல் கிடந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.) ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒரு முடிவுக்கு வந்தேன். லேப்டாப்புக்கு மாற்றினாலும் திக்குகிறது, கணினிக்கு மாற்றினாலும் திக்குகிறது. இரண்டுக்கும் பொதுவானது மவுஸ், ஆகவே கோளாறு மவுஸில். புதுசு வந்தது. அன்று இரவே திக்கியது. வேறு கம்பெனி மவுஸ் ஒன்று வந்தது. அதுவும் திக்கியது.

கண்டுபிடித்தது நான் இல்லை. மனைவி ஏதோ எடுக்க அறைக்குள் வந்தவள், நான் மவுஸை மேஜையில் தட்டுவதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பெட்டியில லைட்டு மினுக்குறப்பதான் அது திக்குது, பாத்தீங்களா?" என்றாள். அவள் காட்டியது, கேவிஎம் பெட்டிக்கு ஒட்டினாற்போல் இருந்த என் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை. தினமும் இரவு எட்டு மணிக்கு அதில் பேக்கப் ஓடும்படி வைத்திருந்ததே நான்தான். லைட் மினுக்கியது, அம்பு நின்றது. லைட் அணைந்தது, அம்பு ஓடியது. கால் மணி நேரம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விஷயம் இதுதான். யுஎஸ்பி 3.0-வில் (இந்த மாதிரி டிஸ்க்குகள் பேசும் வேகமான யுஎஸ்பி வகை) தகவல் 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும்போது, டிஸ்க்கிலிருந்தும் கேபிளிலிருந்தும் சொருகும் இடத்திலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசிகிறது. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் விழுகிறது. வயர்லெஸ் மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் நிறுவனமே இதை அளந்து பார்த்து 2012-ல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டிஸ்க் சொருகியிருந்தது என் கணினியில்தான் என்றாலும் ரிசீவர் அதன் பக்கத்திலேயே இருந்ததால், எந்தக் கணினிக்கு மாற்றினாலும் தொல்லை கூடவே வந்தது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது மவுஸ் மட்டுமில்லை, ரிசீவர் இருந்த இடமும்தான். அது எனக்கு உறைக்கவே இல்லை.

ரிசீவரை ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரில் சொருகி, மேஜையின் முன்பக்கம் கீபோர்டுக்கு அருகே கொண்டுவந்து வைத்தேன். டிஸ்க்கை மேஜையின் அடுத்த மூலைக்குத் தள்ளினேன். அவ்வளவுதான், அன்றோடு தீர்ந்தது. அலமாரியில் இரண்டு மவுஸ் சும்மா கிடக்கின்றன.

"வயர் மவுஸ் வாங்கினால் இந்த வம்பே இல்லையே" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். தெரியும் சார். ஆனால் வயர் மவுஸும் கேவிஎம்மில் மக்கர் செய்யும். பல கேவிஎம் பெட்டிகளில் கீபோர்டு, மவுஸ் படம் போட்ட துளைகளுக்குப் பின்னால் பெட்டியே ஒரு போலி மவுஸாக நடித்து, கணினியிடம் 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். பொத்தான் அதிகமுள்ள கேமிங் மவுஸ் அந்த நடிப்பில் பாதியை இழந்துவிடும், சில சமயம் சுத்தமாக வேலை செய்யாது. அதை அந்தப் பெட்டியிலேயே இருக்கும், இப்படி நடிக்காத சாதாரண யுஎஸ்பி ஹப் துளைக்கு மாற்றிப் பாருங்கள். கீபோர்டை மட்டும் அங்கே மாற்றிவிடாதீர்கள். பெரும்பாலான பெட்டிகள் அந்தத் துளையை உற்றுக் கேட்காது, ஸ்க்ரோல் லாக்கை இரண்டு தடவை தட்டிக் கணினி மாற்றும் வசதி போய்விடும்.

ஸ்க்ரோல் லாக் என்றதும் இன்னொன்று. பெட்டி இல்லாமல் சினர்ஜி, பேரியர் மாதிரி மென்பொருளில் மவுஸைப் பகிர்கிறவர்களுக்கு, அதே விசை அம்புக்குறியை ஒரே திரையில் பூட்டிவிடும். அம்பு திரை ஓரத்தில் முட்டிக்கொண்டு அடுத்த கணினிக்குப் போக மறுத்தால், நெட்வொர்க்கைத் திட்டும் முன் அந்த விசையை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

எதுவாக இருந்தாலும் முதல் வேலை, நடுவில் இருக்கும் எல்லாவற்றையும், பக்கத்தில் இருக்கும் டிஸ்க்கையும் கழற்றிவிட்டு மவுஸை நேராகக் கணினியில் சொருகி அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது. அங்கேயும் திக்கினால்தான் மவுஸைக் குறை சொல்லலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மவுஸ் சரியானபின் எனக்கு வேறு தலைவலி வந்தது. ஏதாவது பார்க்கச் சொந்தக் கணினிக்கு மாற்றினால், ஆபீஸ் லேப்டாப்பில் மவுஸ் அசையவில்லை என்று ஆபீஸ் சாட்டில் என் பெயருக்குப் பக்கத்தில், ஆள் இல்லை என்று காட்டும் மஞ்சள் பொட்டு வந்துவிடுகிறது. மேனேஜர் உடனே "இருக்கீங்களா?" என்கிறார். பக்கத்துத் திரையில் அவர் கேட்ட அறிக்கைக்கான கையேட்டைத்தான் படித்துக்கொண்டிருப்பேன். முடித்த வேலையை யாரும் எண்ணுவதில்லை, பொட்டின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள்.

பின்குறிப்பு: ப்ளூடூத் மவுஸுக்கும் இது பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொருந்தும், அதுவும் 2.4-ல்தான் ஓடுகிறது. அங்கே பெரும்பாலும் நகர்த்த ரிசீவர் இருக்காது, ஆன்டெனா லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும். அதனால் டிஸ்க்கைத்தான் தள்ளி வைக்க வேண்டும்.