சரித்திர நாவலில் என்ன சுவை? பினாங்கு வாசகர்களின் கேள்விகள்

கேள்வி (பட்டர்வொர்த்): முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்க வேண்டும்?

பதில்: முடிவு நமக்குத்தான் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. 1943இல் ஜப்பானியரின் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்காகத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் ஏறுகிறவனுக்கு, திரும்பி வரும்வரை ஆட்டை யார் மேய்ப்பார்கள் என்பதே கவலை. 415 கிலோமீட்டர் பாதையில் காலராவும் பட்டினியும் காத்திருப்பதை நாம் அறிவோம். முதல் பக்கத்திலேயே அவன் 'மரண ரயில்' என்று பேசினால் கதை செத்துவிடும்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): ஆராய்ச்சி எவ்வளவு தேவை?

பதில்: நிறைய. ஆனால் வாசகர் கண்ணில் படக்கூடாது. "உங்களுக்குத் தெரியாததா மாமா, நம் மன்னர் பட்டமேறி..." என்று மருமகன் பாடம் எடுக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவேன்.

கேள்வி: சோழர் காலச் சமையலில் மிளகாய் வரலாமா?

பதில்: கூடாது. மிளகுதான். மிளகாய் போர்ச்சுகீசியர் வந்த பிறகு வந்தது.

கேள்வி: உருளைக்கிழங்கு?

பதில்: அதுவும் பிற்பாடுதான்.

கேள்வி (சுங்கை பட்டாணி): சோழரின் கடாரப் (இன்றைய கெடா) படையெடுப்பை எழுதுகிறவர்கள் எல்லோரும் சோழர் கப்பலிலேயே ஏறிக்கொள்கிறார்களே? நாங்கள் இருப்பது கெடாவில்!

பதில்: நல்ல கேள்வி. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் மன்னன் புகழைச் சொல்லும் பகுதி, வென்றவர் சொன்ன கதை. பிடிபட்ட அரசன், யானைகள், வித்யாதர தோரணம் என்ற நகர வாயில் எல்லாம் அதில் உண்டு. கரையில் நின்றவர்கள் இல்லை. இன்னொன்று பாருங்கள்: கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தவர் ராஜராஜன். 1025வாக்கில் அவர் மகன் ராஜேந்திரனே கடாரத்தின் மீது கப்பல் அனுப்புகிறார். நட்பு எங்கே முறிந்தது? நாவலுக்கான இடம் அதுதான். பழைய கடாரத்தின் சிதைவுகள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு உங்கள் வீட்டுக்குப் பக்கம், போய்ப் பாருங்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): அப்போ தமிழர் வெற்றியைக் கொண்டாடக் கூடாதா?

பதில்: தாராளமாகக் கொண்டாடுங்கள். மெய்க்கீர்த்தி அதை ஏற்கெனவே அழகாகச் செய்துவிட்டது. அதையே முந்நூறு பக்கத்துக்கு இழுத்தால் நாவல் ஆகாது. எதிரிக்கும் ஒரு நியாயம் கொடுங்கள், வெற்றிக்கு எடை கூடும்.

கேள்வி (சுங்கை பட்டாணி): அதைத்தான் நானும் சொன்னேன்!

பதில்: சரி, இருவரும் தேநீர் இடைவேளையில் தொடருங்கள்.

கேள்வி: முதல் நாவல் எழுதப் போகிறேன். ஓர் ஆலோசனை?

பதில்: மருமகன் பாடம் எடுக்கக்கூடாது.

கேள்வி: தக்காளி ரசம்?

பதில்: ஐயா, மேலே மிளகாய்க்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.